அறிவியல் ஆசிரியர்கள் தம் பணித்திறனை வளர்த்துக்கொள்ள என்ன வழிகள் உள்ளன?

அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிப்பவர் கட்டாயப் பயிற்சிகளுக்கு அப்பால் எவ்வாறு வளரலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் பணித்திறன் மேம்பாட்டில் ஈடுபட வேண்டும் என்கிறது தேசியக் கல்விக் கொள்கை 2020. அரசின் இணையக் கற்றல் தளமான திக்ஷாவில் அதற்கான இணையப் பாடங்கள் உண்டு. ஆயினும், மாணவர்களோடு சேர்ந்து ஒரு சோதனையைச் செய்து முடிக்கும்போது ஆசிரியர் கற்பதை எந்தத் திரையும் கற்பிக்காது என்பதே என் உறுதியான எண்ணம்.

நிழலில்லா நாளை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய நாள்களையொட்டி நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருவதால், செங்குத்தாக நட்ட குச்சியின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். அதே நாளில் மதுரைப் பள்ளி ஒன்று, நிழல் மிகக் குறுகும் கணத்தில் (அது கடிகாரத்தின் 12 மணி அல்ல) ஒரு மீட்டர் குச்சியின் நிழலை அளந்தால், ஏறத்தாழ ஐந்தரை சென்டிமீட்டர், அதாவது உச்சியிலிருந்து சூரியனின் 3.15 பாகைச் சாய்வு கிடைக்கும். புவியின் முழுவட்டமான 360 பாகையில் இரு நகரங்களுக்கும் இடையிலான பங்கு இதுவே. இரு நகரங்களுக்கும் இடையிலான வடக்கு-தெற்குத் தொலைவு சுமார் 350 கிலோமீட்டர் என்பதால், 360ஐ 3.15ஆல் வகுத்து 350ஆல் பெருக்கினால், புவியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் என வகுப்பறையிலேயே வெளிப்படும். நிழலில் ஒரு மில்லிமீட்டர் பிழைத்தாலே விடை எழுநூறு கிலோமீட்டர் அளவுக்கு மாறும். அளவீட்டுப் பிழையைக் கற்பிக்க இதைவிடச் சிறந்த வாய்ப்பு எனக்குத் தெரியவில்லை.

இத்தகைய முயற்சியை, 1993 முதல் நடைபெறும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கான ஆய்வாக நீங்களே வழிநடத்தலாம். 6 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்காக 2022இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் அறிவியல், கணிதச் செய்முறைத் திட்டமான வானவில் மன்றத்தின் கருத்தாளர்களையும் துணைக்கு அழையுங்கள்.