2016 மஸ்டாங் ஜிடிக்கு 19×10 வீல்: இடிக்குமா?

வணக்கம் நண்பரே. பர்ஃபாமன்ஸ் பேக் (பெரிய பிரேக்குடன் வரும் ஃபோர்டின் கூடுதல் தொகுப்பு) உள்ள மஸ்டாங் வண்டிக்கு 19×10 (19 அங்குல விட்டம், 10 அங்குல அகலம்), ஆஃப்செட் 40 (வண்டியில் பொருந்தும் முகம் வீலின் நடுக்கோட்டிலிருந்து 40 மி.மீ. வெளியே) வீலை நாலு பக்கமும் போடலாமா, விலை குறைவான 18 அங்குலம் போதுமா என்று கேட்டிருந்தீர்கள்.

18-ஐ விட்டுவிடுங்கள். முன்பக்கம் 380 மி.மீ. பிரேக் டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கும் ஆறு பிஸ்டன் பிரெம்போ காலிப்பர்; பெரும்பாலான 18 அங்குல வீல்கள் அதில் இடிக்கும்.

19×10 தாராளமாகப் போடலாம், 275/40 (275 மி.மீ. அகல) டயரோடு. முன்னால் இப்போது இருப்பது 19×9, ஆஃப்செட் 45. புதியது உள்பக்கம் சுமார் 8, வெளிப்பக்கம் சுமார் 18 மி.மீ. கூடுதலாக வரும். ஆனால் ஆஃப்செட்டை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஒரே அளவுள்ள இரண்டு வீல்களில் ஒன்றின் ஸ்போக் வளைந்து காலிப்பருக்கு வழிவிடும், மற்றது விடாது. டயர் ஏற்றும் முன்பே வெறும் வீலை மாட்டிப் பாருங்கள். காலிப்பர் முகத்தில் களிமண் உருண்டை ஒட்டி, கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். நசுங்கிய களிமண் 3 மி.மீ. தடிமன்கூட இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். டயர் ஏறிய வீலைக் கடையில் திரும்ப வாங்க மாட்டார்கள்.

வண்டியின் ஹப் (வீலின் நடுத்துளை அமரும் மேடு) விட்டம் 70.5 மி.மீ. வீலின் நடுத்துளை 73.1 இருந்தால் அந்த இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங் கட்டாயம். இல்லாவிட்டால் 60 மைல் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கலாம். பேலன்ஸிங் எத்தனை முறை செய்தாலும் அது போகாது.

நட்டு எம்14×1.5 (14 மி.மீ. மரை), வீலில் அமரும் பகுதி கூம்பு வடிவம். நட்சத்திர வரிசையில் (ஒன்றுவிட்டு ஒன்றாக) 150 பவுண்டு-அடி முறுக்குங்கள், 100 மைல் ஓடியதும் மறுபடி சரிபாருங்கள். பழைய வீலில் உள்ள காற்றழுத்த சென்சார்களை மறக்காமல் புதிய வீலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.