முறுக்கு வேகிற நேரத்தில்

கேள்வி: எனக்கு வயது 47. இரண்டு வருடமாகத் தினமும் காலை ஐந்தரை மணிக்கு யோகா செய்கிறேன். தீபாவளி வந்தால் மட்டும் எல்லாம் போச்சு. மாமியார், நாத்தனார் குடும்பம், கொழுந்தனார் குடும்பம் என்று வீட்டில் பதினோரு பேர். பாய் விரிக்க இடமும் இல்லை, நேரமும் இல்லை. நான்கு நாளும் சிடுசிடுவென்று இருக்கிறேன். "யோகா செஞ்சுமா இவ்வளவு கோபம் அண்ணி?" என்று போன வருடம் நாத்தனார் கேட்டே விட்டாள். இந்த வருடம் எப்படிச் சமாளிப்பது?
- பெயர் வேண்டாம், விருதுநகர்

பதில்: பதினோரு பேருக்கு ஒருத்தியாக நின்று சமைத்தால் யாருக்கும் கோபம் வரும் சகோதரி, யோகா செய்தாலும் வரும். நாத்தனாரிடம் இதைத் தாராளமாகச் சொல்லலாம்.

நான்கு நாளும் பாய் சுருட்டியே கிடக்கட்டும். இரண்டு வருடம் பழகிய உடம்பு அதற்குள் மறந்துவிடாது. நீங்கள் எப்படியும் அடுப்படியில்தான் நிற்கப் போகிறீர்கள், அங்கிருந்தே தொடங்குவோம்.

முறுக்குப் பிழியும்போது கவனித்திருக்கிறீர்களா? அச்சை அழுத்தும்போது தோள் இரண்டும் காதுவரை ஏறிவிடும், மூச்சும் நின்றுவிடும். மாவு கெட்டியாக இருந்தால் பல்லையும் கடித்துக்கொள்வோம். அடுத்த ஈட்டில், அழுத்தும்போது மூச்சை மெல்ல வெளியே விட்டுப் பாருங்கள். தோள் தானாக இறங்கும்.

எண்ணெயில் விழுந்ததும் முறுக்கு சளசளவென்று பொங்குகிறதே, அது மாவிலுள்ள நீர் ஆவியாகிற சத்தம். நீர் குறையக் குறையச் சத்தமும் அடங்கும், அடங்கியதும் எடுத்துவிடுவோம். இடையில் கிடைக்கிற அந்த ஓரிரு நிமிடத்துக்குள் ஓடிப்போய் வேறொரு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வதுதான் நம் வழக்கம். இந்தத் தடவை போகாதீர்கள். இரண்டு பாதத்திலும் எடை சமமாக இறங்கும்படி நில்லுங்கள். வகுப்பில் செய்கிற தாடாசனம்தான், கையில் ஜல்லிக்கரண்டி இருக்கிறது, அவ்வளவே. சத்தம் அடங்குவதைக் கேட்டுக்கொண்டே 4 எண்ணி மூச்சை இழுத்து, 6 எண்ணி விடுங்கள். கண்ணை மட்டும் மூடிவிடாதீர்கள், எதிரே இருப்பது கொதிக்கிற எண்ணெய்!

மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் கூடும், விடும்போது குறையும். மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பின் வேலை அது. அதனால்தான் விடுகிற மூச்சு நீளமாக இருக்கட்டும் என்கிறேன். பதஞ்சலியின் யோக சூத்திர நூலில் முதல் அத்தியாயத்தின் 34-ஆவது சூத்திரம், மனம் தெளிய ஒரு வழியாக மூச்சை வெளிவிடுவதையும் நிறுத்துவதையும் சொல்கிறது. நிறுத்துவதெல்லாம் பண்டிகை அவசரத்தில் வேண்டாம். ரத்த அழுத்தம் இருந்தால் ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் செய்யவே கூடாது.

அப்புறம், எண்ணெய்க் குளியல். பெரியவர்கள் எல்லாரையும் மணையில் உட்கார வைத்து உச்சியில் எண்ணெய் வைப்பார்கள். வீட்டு வேலையைத் தலையில் சுமப்பவள் மட்டும் மூன்று மணிக்கே யாருக்கும் தெரியாமல் குளித்து முடித்திருப்பாள். நீங்களும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். இந்த வருடம் பிள்ளைகளோடு நீங்களும் வரிசையில் உட்காருங்கள். மாமியார் கை உச்சந்தலையில் படும்போது செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. நெற்றி தளர்வதைக் கவனித்தால் போதும்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, முட்டி வலி இல்லையென்றால் ஐந்து நிமிடம் வஜ்ராசனத்தில், அதாவது முட்டியை மடக்கிக் குதிகால் மேல் நிமிர்ந்து உட்கார்ந்து, இருக்கலாம். வயிறு நிறைந்திருக்கும்போது வேறு ஆசனம் எதுவும் வேண்டாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தீபாவளிக்கு மூச்சை எண்ணிக்கொண்டே தனியாக உட்கார்ந்து அறுபது அதிரசம் தட்டினேன். மனம் அமைதியாகத்தான் இருந்தது. மறுநாள் இடுப்பு எழுந்திருக்கவில்லை! யோகா தெரிந்துகொண்டு சும்மா இருப்பதற்குப் பதில் அன்றைக்கு வாய் திறந்து, "யாராவது வாங்களேன்" என்று கூப்பிட்டிருக்கலாம்.

அதனால் அதிரசத்தைக் கடையில் வாங்குங்கள். முறுக்கு அச்சைக் கொழுந்தனாரிடம் கொடுங்கள், கைவலு அவருக்கு அதிகம். அழுத்தும்போது மூச்சை விடச் சொல்லுங்கள். ஜல்லிக்கரண்டி நாத்தனாருக்கு. சத்தம் அடங்கினால் எடுக்க வேண்டும், அதுவரை அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு, கூடத்தில் போய்க் காலை நீட்டி உட்காருங்கள்.