கறுப்பு மணலில் குரோமியம் ஏன்?

அன்புள்ள ஐயா,

கொடைக்கானல் மலையிலுள்ள பண்ணைக்காட்டில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி கடற்கரையிலிருந்து எங்கள் மாணவி ஒரு டப்பா கறுப்பு மணல் கொண்டுவந்தாள். எக்ஸ்.ஆர்.எஃப். துப்பாக்கியில் (எக்ஸ்-கதிர் பாய்ச்சித் தனிமங்களை அளக்கும் கைக்கருவி) காட்டியதில் டைட்டானியம், வனேடியம், குரோமியம் மூன்றும் எகிறின. இது ஆலைக்கழிவா? கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரச விவகாரத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். கடற்கரையிலும் இங்குள்ள ஓடைகளிலும் மணல் எடுத்துச் சோதிக்க ஆசைப்படுகிறார்கள். எப்படி எடுப்பது?

அன்புள்ள டீச்சர்,

அந்த ஒரு டப்பாவை வைத்து ஆலைக்கழிவு என்று சொல்ல முடியாது. அங்கே கறுப்பாகத் தெரிவது பெரும்பாலும் இல்மனைட் என்ற கனிமம். கூடவே ரூட்டைல், சிர்க்கான், கார்னெட், தோரியம் உள்ள மோனசைட். முறத்தில் புடைப்பதுபோல அலை லேசான குவார்ட்ஸை இழுத்துக்கொண்டு போய்விடும், கனமானது தங்கிவிடும். இல்மனைட் என்பதே இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த ஆக்சைடு. வனேடியமும் குரோமியமும் அதற்குள் கொஞ்சம் இயல்பாகவே இருக்கும். போதாததற்குத் துப்பாக்கியும் குழப்பும். ஒவ்வொரு தனிமமும் வெளிவிடும் எக்ஸ்-கதிர்க் கோடுகளை வைத்துத்தான் அது அடையாளம் காண்கிறது. டைட்டானியத்தின் ஒரு கதிர்க்கோடு வனேடியத்தின் மேலும், வனேடியத்தின் கோடு குரோமியத்தின் மேலும் விழும். டைட்டானியம் மிகுந்த மணலில் கருவி காட்டும் குரோமியத்தை அப்படியே நம்பாதீர்கள். (மோனசைட் இருப்பதால் டப்பாவை மூடியே வையுங்கள், தூசி பறக்கவிட வேண்டாம்.)

அதே கரையில் இரண்டு மீட்டர் தள்ளி எடுத்தால் எண் பலமடங்கு மாறும். அதனால் கறுப்பு வரி, வெள்ளை மணல் இரண்டிலுமாக 15, 20 இடங்களில் எடுத்து, டைட்டானியத்துக்கு எதிராகக் குரோமியத்தை வரைபடமாகப் போடுங்கள். புள்ளிகள் ஒரே கோட்டில் ஏறினால் அது கனிமத்தின் வேலை. கோட்டை விட்டு மேலே தூக்கி நிற்கும் புள்ளியைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

எடுக்கும் முறை: வற்றம் (கடல்நீர் இறங்கிய நேரம்) இருக்கும்போது, மேல் 2 செ.மீ. மட்டும், பிளாஸ்டிக் கரண்டியால். 10 மீட்டர் சதுரத்தில் ஐந்து இடங்களில் எடுத்துக் கலந்து ஒரு மாதிரி. துரு ஏறிய மண்வெட்டி கூடாது. பித்தளைச் சல்லடையும் கூடாது, செம்பும் துத்தநாகமும் அதிலிருந்தே வந்துவிடும். 63 மைக்ரான் நைலான் வலை வாங்குங்கள். மாசு ஒட்டுவது பெரும்பாலும் அதன் வழியே விழும் நுண்துகளில்தான். ஆனால் சுத்தமான கடற்கரை மணலில் அது ஒரு சதவீதம்கூடத் தேறாது என்பதால் ஒரு மாதிரிக்கு இரண்டு கிலோவாவது வேண்டும். கழிமுகச் சேற்றில் இந்தத் தொல்லை இல்லை. மாசைத் தேடுகிறவர்கள் முதலில் அங்கேதான் போக வேண்டும். படகு ஏற்றி வைக்கும் இடங்களில் பெயின்ட் செதில் உதிர்ந்து கிடக்கும். ஒரேயொரு செதில் கரைசலில் விழுந்தாலும் செம்பு துள்ளிவிடும். செதிலைப் பொறுக்கித் தனியாகக் குறித்துவையுங்கள்.

ஆய்வகத்தில் எந்த அமிலத்தில் கரைக்கிறார்கள் என்று கேளுங்கள். இராஜதிராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) சிர்க்கான் கரையாது, இல்மனைட்டும் முழுக்கக் கரையாது. ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் சேர்த்தால் இன்னும் அதிகம் கரையும், ஆனாலும் சிர்க்கான் போன்றவை முழுக்கக் கரையாமல் மிஞ்சலாம். இரண்டு முறையின் எண்களையும் ஒரே அட்டவணையில் போட்டு ஒப்பிடுவது சகஜமாக நடக்கும் தவறு.

ஓடை விஷயம் வேறு, ஏனென்றால் அங்கே நீங்கள் தேடுவது பாதரசம். அந்தத் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டது. அதன் சரிவு பாம்பாறு சோலைக்காட்டுப் பக்கம். மற்ற உலோகங்களுக்குப் பாலித்தீன் பை போதும், பாதரச ஆவியோ அதன் வழியே ஊடுருவும். இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் விளிம்புவரை நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புங்கள். 105 டிகிரி அடுப்பில் உலர்த்தினால் பாதரசத்தில் ஒரு பங்கு ஆவியாகிப் போய், எண் குறைவாக வந்து உங்களை ஏமாற்றும். 40 டிகிரிக்குக் கீழே உலர்த்தச் சொல்லுங்கள். ஈரப்பதம் கணக்கிட வேறொரு பகுதியை 105 டிகிரியில் வைக்கலாம்.

நன்னீர்ப் படிவில் பாதரசம் கிலோவுக்கு 0.18 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நீர்வாழ் உயிர்களுக்குப் பாதிப்பு அரிது என்பது வழக்கமாக எடுத்துக்கொள்ளும் வரம்பு. ஆலை வளாக மண்ணைச் சுத்தப்படுத்த வைத்த அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராம். அது அந்த வளாக மண்ணுக்கானது. அதைக் கொண்டுவந்து ஓடைச் சேற்றுக்குப் பொருத்தி “பிரச்சினையில்லை” என்று எழுதிவிடாதீர்கள்.

சோலைக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும். பிள்ளைகளை ஆலைச் சரிவுக்குக் கூட்டிப்போக வேண்டாம். உங்கள் ஊர்ப் பக்கத்து ஓடையிலேயே, கல்லின் பின்புறம் தேங்கும் மெல்லிய சேற்றில், கையுறை போட்டு எடுத்தால் போதும்.