அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் அசிஸ்டென்ட் கோச் ஆவது எப்படி? வாசகர் கேள்வி-பதில்

மார்ச் மாதம், கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ-வின் போட்டித்தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அங்கே கோச்சுகளின் இடமாற்றமும் தொடங்கிவிடும். இந்த வேலையைப் பற்றி வந்த கேள்விகளில் அடிக்கடி கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே பதில்.

நான் கல்லூரி அணியில் ஆடியதே இல்லை. இந்த வேலைக்கு வர முடியுமா?

முடியும். லாரன்ஸ் ஃபிராங்க் இண்டியானா பல்கலைக்கழகத்தில் ஹெட் கோச் பாபி நைட்டின் அணிக்கு மாணவ மேனேஜராக இருந்தவர். அங்கிருந்து மார்க்கெட் பல்கலைக்கழகம், பிறகு டென்னஸி பல்கலைக்கழகத்தில் அசிஸ்டென்ட் கோச், கடைசியில் 2004-ல் என்பிஏ-வின் நியூ ஜெர்சி நெட்ஸ் அணிக்கு ஹெட் கோச்.

மாணவ மேனேஜர் என்றால் பந்து எடுத்துப் போடுவது, டவல், தண்ணீர், கடிகாரம், துவைத்த ஜெர்சியை லாக்கரில் மாட்டுவது. ஷூட்டிங் பயிற்சியில் ரீபவுண்ட் பிடித்துத் திருப்பிப் பாஸ் கொடுக்கலாம். ஆனால் ஆட்டக்காரருக்கு நுணுக்கம் சொல்லித்தர விதி இடம் தராது. முதல் வகுப்பு தொடங்கியபின் போய்க் கேட்டால் இடம் இருக்காது. மே, ஜூன் மாதத்திலேயே அந்த அணியின் 'டைரக்டர் ஆஃப் ஆபரேஷன்ஸ்' பதவியில் இருப்பவருக்கு மெயில் அனுப்புங்கள். ஹெட் கோச்சுக்கு அனுப்பினால் படிக்க ஆள் இருக்காது. கோடையில் அதே கல்லூரி நடத்தும் சிறுவர் முகாமில் வேலை கேளுங்கள். நாலு நாள் முகாமில் நேரத்துக்கு வருகிறவரை எல்லோரும் கவனிப்பார்கள்.

பிறகு வரும் படிகள்: மேல்படிப்புடன் கிராஜுவேட் மேனேஜர், வீடியோ கோஆர்டினேட்டர், ஆபரேஷன்ஸ், அசிஸ்டென்ட் கோச், அசோசியேட் ஹெட் கோச். இந்த வரிசையை எல்லோரும் அப்படியே ஏறுவதில்லை. என்சிஏஏ-வின் கீழ்ப் பிரிவுகளான டிவிஷன் 2, டிவிஷன் 3, இரண்டு வருட ஜூனியர் கல்லூரி என்று சின்ன இடத்தில் நேரடியாக அசிஸ்டென்ட் ஆகி மேலே வருகிறவர்களும் நிறைய. சின்ன இடத்தில் ஆள் குறைவு, அதனால் பயிற்சியைக் கையில் எடுத்து நடத்தும் வாய்ப்பு சீக்கிரம் கிடைக்கும். பெரிய பெயருள்ள கல்லூரியில் மூன்று வருடம் வீடியோ அறையைவிட்டு வெளியே வராதவருக்கு அது கிடைக்காது.

ஒரு அணிக்கு எத்தனை அசிஸ்டென்ட்?

உச்சப் பிரிவான டிவிஷன் 1-ல் வெகுகாலம் மூன்று. 2023 ஜூலையிலிருந்து கூடுதலாக இரண்டு பேர் பயிற்சி தரலாம் என்று விதி மாறியது. அதுவரை வீடியோ, பிளேயர் டெவலப்மென்ட் என்ற பெயரில் வாய்மூடி இருந்தவர்கள் பலர் அதன்பின்தான் களத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

எதிரணியை 'ஸ்கவுட்' செய்வது என்கிறார்களே, உண்மையில் என்ன செய்கிறார்கள்?

வேலையின் முக்கால்வாசி இதுதான். சீசனில் சுமார் 30 ஆட்டம். அசிஸ்டென்டுகள் எதிரணிகளைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். மூவர் என்றால் ஆளுக்குச் சுமார் 10. உங்கள் பங்கில் தோற்றால் மறுநாள் காலை ஹெட் கோச் உங்களைத்தான் பார்ப்பார்.

ஆட்டத்துக்கு நாலைந்து நாள் முன்பே தொடங்க வேண்டும். எதிரணியின் கடைசி ஐந்து ஆட்டத்தை எடுங்கள். அதில் நம்மைப் போலவே தடுப்பாட்டம் ஆடும் அணியோடு மோதிய ஆட்டத்தை முதலில் பாருங்கள். 30 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்த ஆட்டத்தில் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது. சினர்ஜி போன்ற மென்பொருள் பந்து அணியிடம் இருக்கும் ஒவ்வொரு தடவையையும் வகை பிரித்துத் தந்துவிடும். ஆனால் எந்தப் பிளேவுக்கு (திட்டமிட்ட ஆட்டநகர்வுக்கு) என்ன பெயர், என்ன கைச்சாடை என்பதை நீங்களே ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்டு முஷ்டியை உயர்த்தினால் என்ன வரும், தலையைத் தொட்டால் என்ன வரும் என்ற பட்டியல்தான் ஆட்ட நேரத்தில் உதவும். எண்ட்லைன், சைட்லைனிலிருந்து பந்து உள்ளே எறியும் பிளேக்களைத் தனியாக வெட்டி வையுங்கள். நெருக்கமான ஆட்டம் கடைசி நிமிடத்தில் அங்கேதான் முடிவாகும்.

அடுத்தது ஆள்வாரியான குறிப்பு. இங்கே வெறும் ஷாட் சதவீதத்தை நம்பி ஏமாறுவார்கள். ஒருவர் 14 ஷாட்டில் 7 போட்டார், எல்லாம் இரண்டு புள்ளி: 50%. இன்னொருவர் 14-ல் 6, அதில் 4 மூன்று புள்ளி: பார்வைக்கு 43%. மூன்று புள்ளி ஷாட்டுக்கு அரை மதிப்புக் கூட்டி (6+2)/14 என்று கணக்கிட்டால் 57%. இரண்டாமவர்தான் ஆபத்தானவர். பந்து வைத்திருப்பவருக்கு வழிவிட எதிரணி ஆள் குறுக்கே நின்று (பால் ஸ்க்ரீன்) நம் காவலரை மறிக்கும்போது நம் உயரமான ஆள் பின்வாங்கி நிற்பதா, முன்னேறி மறிப்பதா என்பதை இந்த எண்தான் தீர்மானிக்க வேண்டும்.

பெரும்பாலான புதியவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 40 பிளே வெட்டி, அரை மணி நேரம் படம் காட்டுவார்கள். பத்தாவது நிமிடத்தில் பின்வரிசை தூங்கிவிடும். ஹெட் கோச்சுக்கு முழு அறிக்கை கொடுங்கள். ஆட்டக்காரர்களுக்கு 8 முதல் 10 நிமிடப் படம், ஒரு தாள், ஐந்தாறு பிளே, முக்கியமான ஆளுக்கு இரண்டு வரி போதும். 'இடப்பக்கம் ஓட்டினால் நின்று ஷூட் செய்வார், கடைசிவரை போகமாட்டார்' என்ற வரி நினைவில் நிற்கும். 'திறமையான ஸ்கோரர்' என்ற வரி நிற்காது. அந்த ஐந்தாறு பிளேயையும் மாற்று ஆட்டக்காரர்களை வைத்து முதல் நாளே நடந்து காட்ட வேண்டும். பயிற்சிக்கு நேரமும் அளந்துதான்: சீசனில் வாரத்துக்கு 20 மணி, நாளுக்கு 4 மணி, ஒரு நாள் கட்டாய ஓய்வு.

ரெக்ரூட்டிங்கில் (மாணவரைத் தேடி அணிக்கு அழைப்பதில்) என்ன விதியை மீறி மாட்டிக்கொள்கிறார்கள்?

காலண்டரைத்தான். வருடம் நாலு வகைக் காலமாகப் பிரிந்திருக்கும். கான்டாக்ட் காலத்தில் வளாகத்துக்கு வெளியிலும் மாணவரை நேரில் சந்திக்கலாம். எவால்யுவேஷன் காலத்தில் ஆட்டத்தைப் பார்க்கலாம், வெளியில் வைத்துப் பேசக் கூடாது. கொயட் காலத்தில் நம் கல்லூரி வளாகத்துக்குள் மட்டும் சந்திக்கலாம். டெட் காலத்தில் நேர்சந்திப்பே கிடையாது. போன் செய்யலாம், மெசேஜ் அனுப்பலாம். ஆண்கள் கூடைப்பந்தில் பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15-க்கு முன் நீங்களாகப் போனோ மெசேஜோ செய்யக் கூடாது. வெளியே ரெக்ரூட் செய்யப் போகிறவர் ஆண்டுதோறும் விதித்தேர்வு எழுதித் தேற வேண்டும்.

நடைமுறையில் தவறு கேலரியில் நடக்கும். ஜூலைப் போட்டியில் பையனின் அப்பா எதிரே வருவார். வணக்கம் சொல்லி நகர்ந்தால் சரி. நின்று பத்து நிமிடம் பேசினால் மீறல். தவறிப் பேசிவிட்டால் அன்றே கல்லூரியில் விதிமுறைகளைக் கண்காணிக்கும் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். சின்ன மீறல் வேலையைப் பறிப்பது அபூர்வம், மறைத்தது தெரிந்தால் பறிக்கும். பணம் கைமாறுவது வேறு கதை: 2017 செப்டம்பரில் ஆபர்ன், அரிசோனா, யுஎஸ்சி, ஓக்லஹோமா ஸ்டேட் ஆகிய நாலு கல்லூரிகளின் அசிஸ்டென்டுகளை லஞ்ச வழக்கில் எஃப்பிஐ கைது செய்தது.

இப்போது பள்ளி மாணவரைத் தேடுவதோடு முடியவில்லை. ஆட்டக்காரர் கல்லூரி மாறப் பெயர் பதியும், 2018-ல் வந்த டிரான்ஸ்ஃபர் போர்ட்டலும், 2024-ல் மாறும்போதெல்லாம் உடனே ஆடலாம் என்று வந்த தளர்வும் சேர்ந்து, வசந்தகாலத்தில் அணியைப் பாதி புதிதாகக் கட்ட வைக்கின்றன. 2025 ஜூலையிலிருந்து கல்லூரியே ஆட்டக்காரருக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்பதால் பட்ஜெட் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சம்பளம்?

பெரிய கான்ஃபரன்ஸ் (கல்லூரிகளின் லீக்) அணிக்கும் டிவிஷன் 3-க்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம். மாநிலப் பல்கலைக்கழக ஒப்பந்தங்கள் பொது ஆவணம். பதவிக்கு விண்ணப்பிக்குமுன் இப்போது இருப்பவரின் தொகையைப் பார்த்துவிடலாம். ஒரு காலத்தில் என்சிஏஏ-வே கைவைத்தது: 1990-களில் ஒரு வகை அசிஸ்டென்டுக்கு ஆண்டுக்கு 16,000 டாலர்தான் உச்சம் என்று விதி போட்டது. கோச்சுகள் வழக்குப் போட்டு ஜெயித்தார்கள், 1999-ல் 54.5 மில்லியன் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

ஹெட் கோச்சை நீக்கினால் அசிஸ்டென்டுக்கு என்ன ஆகும்?

பெரும்பாலும் கூடவே போக வேண்டியதுதான். புதியவர் தன் ஆட்களோடு வருவார். அதனால் வேலையை ஏற்குமுன் கேட்க வேண்டியது: ஹெட் கோச்சின் ஒப்பந்தத்தில் இன்னும் எத்தனை வருடம்? என் ஒப்பந்தம் அவரோடு முடிகிறதா? நீக்கினால் எத்தனை மாதச் சம்பளம்? இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

என்சிஏஏ-வின் அரையிறுதி, இறுதி ஆட்டங்களான ஃபைனல் ஃபோர் நடக்கும் ஊரில் அதே வாரம் கோச்சுகள் சங்கமான என்ஏபிசி-யின் மாநாடு. ஓட்டல் லாபியில்தான் பாதி வேலை பேசி முடியும். கையில் ரெஸ்யூமேயோடு தெரியாதவர் முன் நிற்பதைவிட, உங்களைத் தெரிந்த ஒரு அசிஸ்டென்டைப் பிடித்து அறிமுகம் கேளுங்கள்.

ஹெட் கோச் ஆக எத்தனை வருடம்?

கணக்கு இல்லை. டாம் இஸோ மிச்சிகன் ஸ்டேட்டில் 1983-ல் சேர்ந்து 1995-ல் ஹெட் கோச் ஆனார். டாமி லாய்ட் கொன்ஸாகாவில் 20 வருடம் இருந்தபின் 2021-ல் அரிசோனாவுக்குப் போனார். பில் செல்ஃப் கேன்சஸில் கிராஜுவேட் அசிஸ்டென்டாகத் தொடங்கி, ஓக்லஹோமா ஸ்டேட்டில் ஏழு வருடம் அசிஸ்டென்டாக இருந்து, 1993-ல் ஓரல் ராபர்ட்ஸ் என்ற சின்ன இடத்தை எடுத்தார். பத்து வருடத்தில் கேன்சஸுக்கே ஹெட் கோச்சாகத் திரும்பினார்.

என் மகள் எஃப்-1 மாணவ விசாவில் மாஸ்டர்ஸ் போகிறாள். மகளிர் அணியில் சேரலாமா?

சேரலாம், ஆனால் மணிக்கணக்கைப் பாருங்கள். வகுப்பு நடக்கும் காலத்தில் வளாக வேலை வாரத்துக்கு 20 மணிதான். பயணம், வீடியோ எல்லாம் சேர்ந்தால் அது புதன்கிழமையே தீர்ந்துவிடும். 'மீதியைச் சும்மா செய்கிறேன்' என்பதும் கூடாது. சம்பளம் உள்ள வேலையை இலவசமாகச் செய்வது விசாவுக்கு ஆபத்து. படிப்பு முடிந்ததும் கிடைக்கும் ஓபிடி (தற்காலிக வேலை அனுமதி), படித்த பாடத்தோடு தொடர்புள்ள வேலைக்குத்தான். ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் அல்லது கினிசியாலஜி (உடல் இயக்கவியல்) எடுத்தால் காட்டுவது சுலபம். அதற்குப்பின் எச்-1பி வேலை விசா: பல்கலைக்கழகங்களுக்குக் குலுக்கல் இல்லை என்பது லாபம், கோச் வேலைக்குக் குறிப்பிட்ட பட்டம் அவசியம் என்று நிரூபிப்பது கஷ்டம்.

ஆட்டம் நடக்கும்போது பெஞ்சில் இருப்பவர் எதையோ எழுதிக்கொண்டே இருக்கிறாரே?

ஒருவர் பிளே பெயரைக் கத்துவார். இன்னொருவர் கணக்கு வைப்பார்: எதிரணியின் எத்தனையாவது ஃபவுல் (ஆண்கள் ஆட்டத்தில் ஒரு பாதியில் ஏழாவதிலிருந்து போனஸ், அதாவது முதல் ஃப்ரீ த்ரோ விழுந்தால்தான் இரண்டாவது; பத்தாவதிலிருந்து இரண்டு த்ரோ), நம் ஆளில் யாருக்கு எத்தனை, ஜம்ப் பால் வந்தால் பந்து யாருக்கு என்று காட்டும் பொசஷன் அம்பு எந்தப் பக்கம், டைம் அவுட் எத்தனை மிச்சம். கடைசியாகச் சொன்னதை ஒவ்வொரு இடைவேளையிலும் ஐந்து பேர் காதிலும் போட வேண்டும், களத்துக்குள் திரும்பும்போது இன்னொரு முறை. 1993 என்சிஏஏ இறுதியாட்டத்தில் நார்த் கரோலினாவிடம் மிச்சிகன் 73–71 என்று பின்தங்கி, 11 நொடி மிச்சம் இருக்கையில் அதன் ஆட்டக்காரர் கிறிஸ் வெபர் டைம் அவுட் கேட்டார். மிச்சிகனிடம் டைம் அவுட் தீர்ந்துபோயிருந்தது. டெக்னிக்கல் ஃபவுல், இரண்டு த்ரோ, பந்தும் நார்த் கரோலினாவுக்கு. ஆட்டம் 77–71 என்று நார்த் கரோலினாவுக்கே முடிந்தது.