தங்கமும் ஷூக்கடையும் – கடிதம்

அன்புள்ள சார்,

போன வாரம் புலம்பெயர்ந்தவங்களைப் பத்தி நீங்க எழுதுனதுல ஜான் நார்ட்ஸ்ட்ரோம்னு ஒரு ஸ்வீடன்காரரைப் பத்தி, அமெரிக்காவுல நார்ட்ஸ்ட்ரோம்ங்கிற பெரிய கடைகளை ஆரம்பிச்சவர், ரெண்டே வரி வந்துது. அமெரிக்கா போனார், கனடாவோட வடமேற்குல இருக்கற க்ளோண்டைக்ல தங்கம் தோண்டினார், சியாட்டில்ல கடை போட்டார்னு. எங்க மாமா அதைப் படிச்சிட்டு "பாத்தியா, அவனுக்கு தங்கம் கிடைச்சுது, கடை வெச்சான், நமக்கு என்ன கிடைக்கப் போவுது"ன்னாரு. எனக்கு பதில் சொல்லத் தெரியல. நிஜமாவே எல்லாம் அதிர்ஷ்டம்தானா சார்?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒரு மனுஷனோட வாழ்க்கையை நான் அப்படி ரெண்டு வரியில முடிச்சிருக்கக் கூடாது, உங்க மாமா அப்படி நினைச்சதுல தப்பே இல்ல. கொஞ்சம் விலாவாரியா சொல்றேன்.

நார்ட்ஸ்ட்ரோம் 1871ல வட ஸ்வீடன்ல லூலியோ ஊர்ப்பக்கம் பிறந்தவர். எட்டு வயசுல அப்பா இறந்துட்டார், பதினோரு வயசுல படிப்பு நின்னுபோச்சு, அப்புறம் பண்ணை வேலைதான். 1887ல அமெரிக்கா வந்து இறங்கறப்போ வயசு 16, கையில அஞ்சு டாலர், இங்கிலீஷ் ஒரு வார்த்தை வராது. மிச்சிகன்ல இரும்புச் சுரங்கத்துல கூலியா சேர்ந்தார், அப்புறம் வேற வேற சுரங்கம், கலிஃபோர்னியாவுல மரம் வெட்டுற வேலைன்னு எங்க வேலை கிடைக்குதோ அங்க போய்ப் போய், கடைசியா 1896ல வாஷிங்டன் மாநிலத்துல ஆர்லிங்டன் பக்கம் 20 ஏக்கர் நிலம் வாங்கி உருளைக்கிழங்கு போட்டார். எண்ணிப் பாருங்க, க்ளோண்டைக்ங்கிற பேச்சே வராத ஒன்பது வருஷம் இது. இதை யாரும் கதையா சொல்றதில்ல, நானும் சொல்லாம விட்டேன்.

1897 ஜூலை 17ந்தேதி போர்ட்லண்ட்ங்கிற கப்பல் க்ளோண்டைக் தங்கத்தோட சியாட்டில் துறைமுகத்துக்கு வந்துது. மறுநாள் ஞாயித்துக்கிழமை காலையில பேப்பர்ல அந்த சேதியைப் பார்த்தவர், அன்னைக்கு சாயங்காலமே சியாட்டிலுக்கு ரயிலேறிட்டார், அங்கிருந்து க்ளோண்டைக் போக.

க்ளோண்டைக்ல தங்கம் எடுக்கறதுன்னா ஆத்து மணலை அரிச்சு எடுக்கறதுன்னு நாம நினைச்சுக்கறோம். ஆனா அந்த ஊர் மண்ணு வருஷம் பூரா உறைஞ்சே கிடக்கும், கடப்பாரை இறங்காது. அதனால ராத்திரி விறகை அடுக்கி நெருப்பு போட்டுட்டு, காலையில இளகுன அந்தக் கொஞ்சம் மண்ணை அள்ளி மேல ஏத்திட்டு, திரும்ப நெருப்பு, திரும்ப அள்றது, இப்படியே அடிப்பாறை தட்டுற வரைக்கும் குளிர்காலம் முழுக்க தோண்டணும். அள்ளிக் குவிச்ச மண்ணுல எவ்வளவு தங்கம் இருக்குன்னு முழுசா தெரியறது வசந்தத்துல பனி உருகி தண்ணி ஓடறப்போதான், அதுவரைக்கும் வெறும் நம்பிக்கையில தோண்டறது. இதுல இன்னொண்ணு, மொதல்ல தங்கம் கண்டது 1896 ஆகஸ்ட்ல, பேப்பர் சேதியைப் பார்த்துக் கிளம்புனவங்க போய்ச் சேர்றதுக்குள்ள நல்ல ஓடைகளை எல்லாம் பங்கு போட்டு முடிச்சிருந்தாங்க. ஒரு லட்சம் பேர் கிளம்புனாங்கன்னு சொல்றாங்க, தங்கம் இருந்த பக்கத்து ஊரான டாசனைத் தொட்டவங்களே முப்பது நாப்பதாயிரம்தான், தங்கம்னு ஏதோ கையில பார்த்தவங்க நாலாயிரம் பேர் இருக்கலாம்.

நார்ட்ஸ்ட்ரோம் ரெண்டு வருஷம் கிடந்தார். கடைசியா ஒரு இடத்துல தங்கம் கண்டா, அது என் இடம்னு இன்னொருத்தன் வழக்குக்கு வந்துட்டான். வித்துட்டுக் கிளம்புன்னு கூட இருந்தவங்க சொன்னாங்க, இவரும் 13,000 டாலருக்கு வித்துட்டு 1899ல சியாட்டில் திரும்பிட்டார். எனக்கு இவர் வாழ்க்கையில ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். ரெண்டு வருஷம் உயிரைக் குடுத்து தேடுன ஒண்ணை, இவ்வளவு போதும்னு விட்டுட்டு வர மனசு வேணும்.

மாமா அதிர்ஷ்டம்ங்கிறாரே, அதே க்ளோண்டைக்ல சார்லி ஆண்டர்சன்னு இன்னொரு ஸ்வீடன்காரர் இருந்தார், ஊரே அவரை "அதிர்ஷ்டக்கார ஸ்வீடன்"னுதான் கூப்பிட்டுது. குடிபோதையில 800 டாலருக்கு ஒண்ணுக்கும் ஆகாத இடம்னு நினைச்சு அவர் தலையில கட்டுனாங்க, அது எல்டொராடோ ஓடையில 29ஆம் நம்பர் இடம், தோண்டுனா கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு. நார்ட்ஸ்ட்ரோம் கொண்டு வந்ததெல்லாம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. ஆனா சான் ஃபிரான்சிஸ்கோவுல போட்ட பணமெல்லாம் 1906 பூகம்பத்தோட போயி, கடைசிக் காலத்துல கனடாவுல ஒரு மர அறுவை மில்லுல கூலி வேலை பார்த்தார் அந்த மனுஷன். அவரை நினைச்சா எனக்கு மனசு கனத்துப் போகும்.

அதிர்ஷ்டமே இல்லன்னு நான் சொல்ல வரல. நார்ட்ஸ்ட்ரோமுக்குக் கிடைச்ச அதிர்ஷ்டம்னா அது கார்ல் வாலின், க்ளோண்டைக்ல பழக்கமான ஷூ தைக்கிற ஆள். 1901ல ரெண்டு பேரும் சேர்ந்து சியாட்டில்ல ஒரு ஷூக்கடை திறந்தாங்க. நார்ட்ஸ்ட்ரோம் அதுவரைக்கும் வாழ்க்கையில கடையில நின்னு ஒரு பொருளைக்கூட வித்தது கிடையாது. மொத நாள் மத்தியானம் வரைக்கும் ஈ காக்கா வரல, வாலின் சாப்பிடப் போயிட்டார், அவர் அந்தப் பக்கம் போனதும் ஒரு அம்மா உள்ள வந்து கண்ணாடி அலமாரியில இருக்கற ஷூ வேணும்னு கேட்டாங்க. இவருக்கு பதட்டம், உள்ள தேடறார் தேடறார், அந்த மாடல் கிடைக்கவே இல்ல. சரி விட்டுடலாம்னு நினைச்சவர், கடைசியில அலமாரியில வெச்சிருந்த அந்த ஒரே ஜோடியையே எடுத்து மாட்டி விட்டார், அவங்களும் வாங்கிட்டுப் போயிட்டாங்க. அது சரியான சைஸ்தானான்னு தனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாதுன்னு வயசான காலத்துல அவரே எழுதி வெச்சிருக்கார். அன்னைக்கு மொத்த வியாபாரம் 12 டாலர் 50 சென்ட்.

இந்தப் பகுதியை மட்டுமாவது மாமாகிட்ட படிச்சுக் காட்டுங்க, அவர் என்ன சொன்னார்னு எனக்கு எழுதுங்க.