கேரம் போட்டி நாள்: 16 பேரும் சாயங்காலம் வரை ஆட ஒரு வழி

காசிமேட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, எங்கள் தெருவில் ஞாயிறு ஞாயிறு கேரம் ஆடுவோம். போன வருஷம் ஒருநாள் போட்டி வைத்தோம், நாக்-அவுட். பாதிப் பேர் ஒரே மேட்ச்சில் வெளியே போய், பிரியாணி வருவதற்குள் கிளம்பிவிட்டார்கள். கடைசியில் ஜெயித்தது எப்போதும் ஜெயிக்கிற அதே ஆள். இந்த வருஷம் வீட்டுப் பெண்களும் ஆடுகிறேன் என்கிறார்கள், மொத்தம் 16 பேர். நான்கு பலகை இருக்கிறது. பெண்களுக்குத் தனிப் பிரிவு வைக்கலாமா? எப்படி நடத்துவது?"

தம்பி, 16 பேருக்கு நாக்-அவுட் வைத்தால் மொத்தமே 15 மேட்ச்தான், முதல் சுற்று முடிந்ததும் எட்டுப் பேர் வீட்டுக்கு. மாநிலப் போட்டிக்கு அது சரி. சேர்ந்து ஒரு நாளைக் கழிக்க வருகிறவர்களுக்கு அது ஆகாது. நான்கு நான்கு பேராக நான்கு குழு பிரியுங்கள், குழுவுக்கு ஒரு பலகை. குழுவுக்குள் எல்லாரும் எல்லாரோடும் ஆடினால் ஆறு மேட்ச். மேட்ச்சுக்கு அரை மணி வைத்தால் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்தால் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. அப்புறம் ஒவ்வொரு குழுவிலும் முதல் இரண்டு பேர் பெரிய கோப்பைக்கும், மற்ற இரண்டு பேர் சின்னக் கோப்பைக்கும் போகட்டும். இரண்டுமே எட்டுப் பேர் நாக்-அவுட், நான்கு பலகையில் மாற்றி மாற்றி நடத்தினால் இன்னும் இரண்டு, இரண்டரை மணி நேரம். யாராக இருந்தாலும் குறைந்தது நான்கு மேட்ச் ஆடியிருப்பார்கள், குழுவில் கடைசியாக வந்தவருக்கும் மதியத்துக்கு மேல் ஒரு கோப்பை மிச்சம் இருக்கும்.

மேட்ச்சை 25 பாயிண்ட் வரை இழுக்காதீர்கள், நேரம் கையில் நிற்காது. நான்கு போர்டு, அவ்வளவுதான் (ஒருவர் காய் முழுதும் தீரும் வரை ஆடுகிற ஒரு ஆட்டம்தான் ஒரு போர்டு). மூன்றோ ஐந்தோ வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம், பிரேக் செய்கிறவருக்கு, அதாவது முதல் அடி அடிக்கிறவருக்கு, எப்போதும் கொஞ்சம் கை ஓங்கியிருக்கும். இரட்டைப் படையில் வைத்தால் ஆளுக்கு இரண்டு பிரேக் கிடைக்கும், அந்தச் சண்டை எழாது.

இப்போது அந்த "எப்போதும் ஜெயிக்கிற ஆள்" விஷயம். என்னைக் கேட்டால் உங்கள் போட்டிக்கு உயிரே இதில்தான் இருக்கிறது. கோல்ஃப் ஆடுகிறவர்கள் இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் திறமைக்கும் ஹேண்டிகேப் என்று ஒரு எண் உண்டு, புதிதாக ஆடுகிறவருக்கு அது 54 வரைகூடப் போகும், அவர் எடுத்த அடிகளிலிருந்து அவருக்கு உரிய சலுகையைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் பார்ப்பார்கள். அதனால் இருபது வருஷம் ஆடியவரும் போன மாதம் மட்டை பிடித்தவரும் ஒரே போட்டியில் நிஜமாகவே மோதலாம். கேரமில் இதைக் கொண்டுவருவது இன்னும் சுலபம், ஆட்டம் தொடங்கும்போதே திறமை குறைந்தவருக்குக் கைப் பாயிண்ட் கொடுத்துவிட வேண்டியதுதான்.

எவ்வளவு கொடுப்பது? போட்டிக்கு முந்தைய மூன்று நான்கு ஞாயிறு ஒரு நோட்டில் ஸ்கோர் எழுதி வையுங்கள். அதை வைத்து 16 பேரை ஏ, பி, சி என்று மூன்று தட்டாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவிலும் மூன்று தட்டு ஆட்களும் கலந்து இருக்கட்டும். ஏ தட்டுக்காரர் சி தட்டுக்காரரை நான்கு போர்டில் சராசரியாக 22-க்கு 2 என்று ஜெயிக்கிறார் என்றால் இடைவெளி 20. அந்த இருபதையும் அப்படியே தூக்கிக் கொடுக்காதீர்கள், கொடுத்தால் நன்றாக ஆடுகிறவருக்கு ஆடுவதில் அர்த்தமில்லாமல் போய்விடும். முக்கால் பங்கு, அதாவது 15 கொடுங்கள். அப்போதும் நல்ல ஆட்டக்காரர் பக்கம்தான் தராசு சாயும், ஆனால் அவர் வியர்க்க வேண்டியிருக்கும், எதிரில் இருப்பவருக்கும் கடைசிப் போர்டு வரை நம்பிக்கை இருக்கும். ஒரே தட்டில் இருப்பவர்களுக்குள் கைப் பாயிண்ட் கிடையாது.

கைப் பாயிண்ட் கிடைக்கும் என்று தெரிந்தால் முந்தைய ஞாயிறுகளில் வேண்டுமென்றே சொதப்புகிறவரும் வருவார். கோல்ஃப் குழுக்கள் பலவற்றில் ஜெயித்தவருக்கு அடுத்த போட்டியில் சலுகையை வெட்டிவிடுவார்கள், நீங்களும் கோப்பை வாங்கியவரை அடுத்த முறை ஒரு தட்டு மேலே ஏற்றிவிடுங்கள்.

குழு அட்டவணையில் ஜெயித்தால் 2, டிரா என்றால் 1. சமமாக வந்தால் அவர்களுக்குள் நடந்த மேட்ச்சைப் பாருங்கள், அதுவும் டிரா என்றால் பாயிண்ட் வித்தியாசம். அதற்கு மட்டும் ஒரு மேட்ச்சுக்கு 10 என்று உச்சவரம்பு வையுங்கள், இல்லாவிட்டால் குழுவிலேயே பலவீனமானவரை யார் அதிகமாக அடிக்கிறார் என்பதே போட்டியாகிவிடும். நாக்-அவுட்டில் சமமானால் டாஸ் போட்டு இன்னொரு போர்டு.

பெண்களுக்குத் தனிப் பிரிவு வேண்டவே வேண்டாம். கேரமுக்குத் தோள் பலம் எதற்கு? விரலும் கண்ணும் நிதானமும்தானே வேண்டும். நம்ம பக்கத்து வியாசர்பாடி இளவழகி 2008-இல் உலக சாம்பியன் ஆனவர். புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர் காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தார். அவர்கள் ஆடிய மண்ணில் இருந்துகொண்டு, அக்கா தங்கச்சிகளை ஓரத்தில் ஒரு பலகை போட்டு உட்கார வைத்தால் நன்றாகவா இருக்கும்? எல்லாரையும் போல ஏ, பி, சி-யில் எங்கே வருகிறார்களோ அங்கே ஆடட்டும்.

விதிகளை முன்னாடியே ஒரு தாளில் எழுதிவிடுங்கள், பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும். ரெட்டுக்கு தெருவில் பலர் இன்னும் 5 என்றுதான் எண்ணுவார்கள், சர்வதேச விதியில் 3. அந்த விதிப்படி நம் காய் ஒன்றையாவது போட்ட பிறகுதான் ரெட்டைப் போட முடியும். ஸ்ட்ரைக்கர் இரண்டு கோட்டையும் தொட்டிருக்க வேண்டும். ஓரத்து வட்டத்தில் வைத்தால் முழுசாக மூடி வைக்க வேண்டும், பாதி தொட்டால் தப்பு. கட்டைவிரலால் அடிக்கலாம். இதில் எதை மாற்றிக்கொண்டாலும் சரி, நான்கு பலகைக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

உங்கள் ஊரில் கடற்காற்று ஈரத்தில் பலகை இழுக்கும். முந்தின நாள் ராத்திரியே பலகையை வீட்டுக்குள் எடுத்து வைத்து, காலையில் காய்ந்த துணியால் துடைத்து, மேலே பல்பு போட்டு அரை மணி காய விடுங்கள். ஸ்டூல் ஆடாமல் இருக்கிறதா என்று பாருங்கள், காய் ஒரு பக்கமாக உருண்டால் கீழே அட்டை மடித்து வையுங்கள். போரிக் பவுடர் கையோடு யாரும் சாப்பிட உட்காரக் கூடாது, ஒரு சோப்பும் வாளித் தண்ணீரும் பந்தலிலேயே இருக்கட்டும், சின்னப் பிள்ளைகளுக்கு எட்டுகிற இடத்தில் பவுடர் டப்பாவை வைக்காதீர்கள். வெளியே நின்று மேட்ச் மேல் பணம் கட்டுகிற வேலையை முதலிலேயே நிறுத்திவிடுங்கள், பணம் வந்துவிட்டால் சிநேக ஆட்டம் அங்கேயே முடிந்தது. நுழைவுக் கட்டணம் சாப்பாட்டுக்கும் இரண்டு கோப்பைக்கும் போகட்டும்.

தட்டுப் பட்டியலையும் கைப் பாயிண்ட்டையும் சனிக்கிழமை சாயங்காலமே சுவரில் ஒட்டிவிடுங்கள். "என்னை ஏன் பி-யில் போட்டாய்" என்று கேட்கிறவர் அன்று ராத்திரிக்குள் கேட்டுவிடட்டும், ஞாயிறு காலை முதல் பிரேக் அடித்த பிறகு பட்டியலில் யாரும் கை வைக்கக் கூடாது.