வாகனக் கேள்வி-பதில்: வாஷர் திரவம் ஏன் உறைகிறது?

கனடாவில் குளிர் தொடங்கியதிலிருந்து வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விடயம் பற்றியவை: முன்கண்ணாடிக்கு வாஷர் திரவம் வருவதில்லை, வந்தாலும் கண்ணாடியிலேயே உறைந்துவிடுகிறது. ஒத்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: ‘-40’ என்று எழுதிய நீலத் திரவத்தைத்தான் வாங்கி ஊற்றினேன். வெளியே -18தான். அப்படியும் உறைந்துவிட்டது. சரக்கில் கலப்படமா?
– வாசகி, ஸ்காபரோ

சரக்கைச் சந்தேகிக்க முன்னர், நீங்கள் ஊற்றும்போது தாங்கியில் ஏற்கெனவே என்ன கிடந்தது என்று யோசித்துப் பாருங்கள். கோடையில் விட்ட பச்சைத் தண்ணீராக இருக்கலாம். பூச்சிக்கறை போக்கும் கோடைத் திரவமாக இருக்கலாம்; அது பூச்சியத்தை அண்டியே உறைந்துவிடும். ஒயில் மாற்றப் போன இடத்தில் நிரப்பிவிட்டதும் அந்தக் கோடைத் திரவமாக இருந்திருக்கலாம்.

-40 திரவத்தில் குளிரைத் தாங்குவது மெதனோல் என்ற மதுசாரம். எடைக்கணக்கில் ஏறத்தாழ 40 வீதம் அதுதான். மிச்சம் தண்ணீரும் சிறிதளவு சோப்பும் சாயமும். பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்ந்தால் -20வரை தாங்கும் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். அப்படியல்ல, -15 அளவிலேயே உறையத் தொடங்கிவிடும். 4 லீற்றர் தாங்கியில் ஒன்றரை லீற்றர் தண்ணீர் கிடக்க, அதன்மேல் இரண்டரை லீற்றர் -40 திரவத்தை ஊற்றினால் கிடைப்பது -20 அளவிலான கலவை. அதுகூட நன்றாகக் கலந்தால்தான். பம்ப் இருப்பது தாங்கியின் அடியில். பம்பிலும் அதிலிருந்து போகும் மெல்லிய குழாயிலும் நிற்பது பழைய தண்ணீர்தான். முதலில் உறைவதும் அங்கேதான்.

ஆகவே ஒக்டோபர் முடிவதற்குள் தாங்கியை வெறுமையாக்குங்கள். லீவரை ஐந்தாறு விநாடி இழுத்துப் பிடித்து, சற்று விட்டு, மறுபடியும் இழுங்கள். தொடர்ந்து பிடித்திருக்கக் கூடாது. அந்தச் சிறு மோட்டாரைக் குளிர்வித்து வழுவழுப்பாக வைத்திருப்பது அதனூடாக ஓடும் திரவம்தான். காற்றும் துளியுமாக வரத் தொடங்கியதும் நிறுத்துங்கள். பிறகு ஒரு லீற்றர் -40 திரவம் விட்டு, புதிய நிறம் வரும்வரை முன்கண்ணாடிக்கும், பின்கண்ணாடியில் வாஷர் இருந்தால் அதற்கும் விட்டு விட்டுப் பீச்சுங்கள். அதன் பின்னரே தாங்கியை நிரப்புங்கள். கடையில் வரும் ஒரு கான் 3.78 லீற்றர், இந்த வேலைக்கு இரண்டு கான் வாங்கி வைப்பது நல்லது. குழாய் விட்டு வாயால் உறிஞ்சி எடுக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். மெதனோல் நஞ்சு.

தாங்கியில் இருப்பது எதுவரை தாங்கும் என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. றேடியேற்றர் கூலன்றைச் சோதிக்கும் ஒளிமுறிவுக் கருவியும் உதவாது. ஒளியை முறிப்பதில் மெதனோலுக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் மிகக் குறைவு. சிறிய போத்தலில் கொஞ்சம் எடுத்து, ‘நஞ்சு’ என்று எழுதி ஒட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் ஓர் இரவு வெளியே வையுங்கள். காலையில் கஞ்சிபோல் தடித்திருந்தால், அந்த இரவின் குளிரை அது தாங்காது. உணவு வைக்கும் பிரீசரில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

கேள்வி: தாங்கியில் சுத்தமான -40 திரவம்தான் இருக்கிறது. ஆனால் 401 நெடுஞ்சாலையில் பீச்சியதும் கண்ணாடி முழுவதும் வெள்ளையாக உறைந்து பாதையே மறைகிறது. ஏன்?
– வாசகர், மிசிசாகா

கானில் எழுதியிருக்கும் எண் தாங்கிக்குள் இருக்கும் திரவத்துக்கு உரியது. கண்ணாடியில் விழுந்த மெல்லிய படலத்துக்கு அது பொருந்தாது. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் அடிக்கும் காற்றில், தண்ணீரைவிட மெதனோல்தான் முதலில் ஆவியாகும். ஆவியாகும்போது கண்ணாடியின் வெப்பத்தையும் இழுத்துக்கொண்டு போகும். மிஞ்சுவது தண்ணீர் கூடிய படலம், அதுவும் முன்னரைவிடக் குளிர்ந்த கண்ணாடியில். அதனால்தான் -12, -15 இலும் உறைகிறது. ரொறன்ரோவில் -40 வரை குளிர் போவதில்லையே, -20 திரவம் போதாதா என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்.

புறப்பட முன்னரே ஹீற்றர் காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி, கண்ணாடியின் உட்புறம் கைக்கு இளஞ்சூடாகத் தெரியும்வரை விடுங்கள். கதவு மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிட்டு இதைச் செய்யக் கூடாது. பனிப்படலத்தைச் சுரண்டி எடுங்கள்; அதைக் கரைக்க வாஷரை நம்ப வேண்டாம். நெடுஞ்சாலையில் ஏறியபின்னும் காற்று கண்ணாடிக்கே போகட்டும். லொறி வாரியிறைக்கும் உப்புச் சேறு படிந்து காய்ந்தபின் ஒரு தடவை சிறிதாகப் பீச்சுவதைவிட, ஈரமாக இருக்கும்போதே தாராளமாகப் பீச்சி வைப்பரை வேகமாக ஓடவிடுவது பாதுகாப்பு. மெல்லிய படலம்தான் சட்டென உறையும்.

கேள்வி: லீவரை இழுத்தால் ‘உம்’ என்று சத்தம் மட்டும் வருகிறது, திரவம் வரவில்லை. சுடுதண்ணீர் ஊற்றலாமா?
– வாசகர், பிரம்டன்

ஊற்றாதீர்கள். உறைந்த கண்ணாடியில் சுடுதண்ணீர் பட்டால் கண்ணாடி வெடிக்கலாம். தாங்கிக்குள் விட்டால் பிளாஸ்ரிக் பிளக்கலாம். பிளக்காவிட்டாலும் கலவை இன்னும் நீர்த்து, இரவில் மறுபடியும் உறையும்.

சத்தம் கேட்பதால் மோட்டார் உயிரோடு இருக்கிறது. அடைப்பு குழாயிலோ பீச்சும் துளையிலோதான். திரும்பத் திரும்ப இழுத்தால் மோட்டாரும் எரிந்துவிடும். சத்தமே இல்லாவிட்டால் முதலில் பியூஸைப் பாருங்கள். பம்ப் ஐஸில் இறுகி நின்றால் பியூஸ் போவது வழக்கம்.

தாங்கியில் இடமிருந்தால், வீட்டுக்குள் வைத்திருந்த -40 திரவத்தை அப்படியே ஊற்றலாம். அடுப்பிலோ மைக்ரோவேவிலோ சூடாக்கக் கூடாது, தீப்பற்றும். எஞ்சினை அரை மணிநேரம் ஓட்டினால் பொனற்றின் கீழுள்ள குழாய்கள் இளகும். ஆனால் பல வாகனங்களில் தாங்கி முன்சில்லுக்கு முன்னால், பம்பருக்குப் பின்னால் ஒதுங்கியிருப்பதால் எஞ்சின் சூடு அதை எட்டாது. நிலக்கீழ்த் தரிப்பிடம் உள்ள உறவினரோ நண்பரோ இருந்தால் அரை நாள் அங்கே விடுங்கள். அதுதான் நம்பிக்கையான வழி.

இளகியதும் வாகனத்தின் கீழே பாருங்கள். ஈரம் ஒழுகினால் தாங்கி வெடித்திருக்கலாம். ஆனால் பல தடவைகளில் நடப்பது வேறு: விரிந்த ஐஸ், பம்பை அதன் இறப்பர் வளையத்திலிருந்து வெளியே தள்ளியிருக்கும். வளையம் கிழியாவிட்டால் கையால் அழுத்தியே பொருத்தலாம். தாங்கி மாற்ற வேண்டும் என்று கராஜில் சொன்னால், முதலில் அந்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: றேடியேற்றருக்கு விடும் கூலன்ற் மிச்சம் இருக்கிறது. அதை வாஷர் தாங்கியில் விடலாமா? பாத்திரம் கழுவும் சோப்பு?
– வாசகி, மார்க்கம்

இரண்டும் வேண்டாம். கூலன்ற் கண்ணாடியில் எண்ணெய்ப் படலமாகப் பூசிக்கொள்ளும். இரவில் எதிர்வாகன வெளிச்சம் பட்டால் எதுவும் தெரியாது. அதிலுள்ள எதிலீன் கிளைக்கோல் நஞ்சும்கூட. சோப்பு நுரைத்து, குளிரில் தடித்து, துளைகளை அடைக்கும்.

கேள்வி: இங்கே செறிவான திரவம்தான் கிடைக்கிறது. எவ்வளவு தண்ணீர் கலப்பது?
– வாசகர், இலண்டன், இங்கிலாந்து

உங்கள் பக்கத்துச் சரக்கு வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 மே முதல், பொதுமக்களுக்கு விற்கும் வாஷர் திரவத்தில் மெதனோல் 0.6 வீதமோ அதற்கு மேலோ இருக்கக் கூடாது; ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பின்னும் பிரித்தானியாவில் அதே விதிதான். அதனால் அங்கெல்லாம் பெரும்பாலும் எதனோலை வைத்துச் செய்கிறார்கள். அளவு போத்தலின் அட்டவணையில் இருக்கும், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இலண்டன் குளிருக்கு -10 வரிசையைப் பாருங்கள். வடக்கே ஸ்கொட்லாந்துப் பக்கம் ஓடுபவர் என்றால் -20. வாளியில் கலந்துவிட்டே தாங்கியில் ஊற்றுங்கள். இலண்டன் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் என்பதால் காய்ச்சி வடித்த தண்ணீர் நல்லது.

கோடையிலும் வெறும் தண்ணீர் விடாதீர்கள். அதில் லெஜியோனெல்லா கிருமி வளரும். 2010இல் இங்கிலாந்தின் சுகாதாரப் பாதுகாப்பு முகமையின் ஆய்வு, வாஷரில் வெறும் தண்ணீர் வைத்திருப்பதை, அந்தக் கிருமியால் வரும் கடும் நிமோனியாவான லெஜியோனேயர் நோயோடு தொடர்புபடுத்தியது.

கேள்வி: மிச்சக் கானை எங்கே வைப்பது? வீட்டில் சின்னப் பிள்ளைகள்.
– வாசகி, ஏஜக்ஸ்

நீல நிறமும் இனிப்புப் பானத்தின் சாயலும் பிள்ளைகளை ஏமாற்றும். வாங்கிய கானிலேயே, மூடியை இறுக்கி, உயரத்தில், ஹீற்றருக்கும் நெருப்புக்கும் தள்ளி வையுங்கள். குடிதண்ணீர்ப் போத்தலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். ஒரு மிடறு உள்ளே போனாலும் பார்வை போகலாம், உயிரும் போகலாம். அறிகுறி தெரிய 12 மணி முதல் 24 மணிவரை ஆகலாம் என்பதால் பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறது என்று காத்திருக்கக் கூடாது. வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். உடனே நச்சு உதவி மையத்தை அழையுங்கள்: 1-844-764-7669. கியூபெக்கில் 1-800-463-5060. மயக்கம் என்றால் 911.

கேள்வி: முன்பக்கம் நன்றாக வருகிறது. பின்கண்ணாடிக்கு மட்டும் வருவதில்லை.
– வாசகர், ஒட்டாவா

பின்பக்கக் குழாய் வாகனத்தின் முழு நீளத்துக்கும் போகிறது. இலையுதிர்காலத்தில் முன்பக்கத்தை மட்டும் கழுவிவிட்டிருந்தால் அதில் இன்னும் கோடைத் தண்ணீர்தான் நிற்கும். டிக்கிக் கதவின் மேற்பக்கம் இறப்பர் உறைக்குள்ளே போகும் இடத்தில் குழாய் கழன்றிருக்கிறதா என்றும் பாருங்கள். உட்கூரைத் துணியில் ஈரமோ நீலக்கறையோ இருந்தால் அதுதான் காரணம். சரிசெய்யும்வரை பின்வாஷரைப் போடாதீர்கள்.